இரண்டாவது முறை கேட்காத கேள்வி

அத்தியாயம் 14

ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சைப் போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் மூத்தவள்தான் எடுத்தாள். "தம்பியைத் தேடிப் பார்க்கலாமாப்பா?" என்று அவள் கேட்டதும், அப்பா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கரண்டியோடு வந்த அம்மா வந்த இடத்திலேயே நின்றாள். அதோடு அந்தப் பேச்சு கிணற்றில் போட்ட கல்லாகிவிட்டது.

இந்தத் தொடருக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டே வரி. விபத்து நடந்த அன்று காரை ஓட்டியவன் தம்பி. பக்கத்தில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்தவர் மூத்தவளின் கணவர். தம்பி பிழைத்தான், அவர் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நெற்றிக் கட்டோடு வந்து நின்றவனிடம், "நானா கூப்பிடற வரைக்கும் என் கண்ணுல படாதே" என்றாள் அக்கா. துக்கத்தில் யார்தான் வார்த்தையை அளந்து பேசுகிறார்கள்? பேசியவள் அளக்கவில்லை. கேட்டவன்தான் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குப் போனவன் போனவன்தான்.

இரண்டு வரி என்று சொல்லிவிட்டு நீட்டி முழக்கிவிட்டேன். போகட்டும், வெள்ளிக்கிழமை காலைக்கு வருவோம்.

அன்று தொண்டு நிறுவனக்காரர்கள் கூடும் நாள். வருஷத்துக்கு நான்கு முறை கூடுவார்கள். கூட்டி வைப்பவள் மூத்தவள். கழுத்தில் மாட்டும் அட்டைகள், பேனாக்கள், நேரம் முடிந்தால் அடிக்க ஒரு சின்ன மணி என்று ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பா நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கதவுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைந்து, உள்ளே கம்பி வைத்துப் பத்து வாரம் ஆகிறது. டாக்டர் ஒரு நாளைக்கு இருபது நடை என்றால் இவர் அறுபது நடப்பார்.

"பாரு, உங்கப்பா ஓட்டப் பந்தயத்துக்குப் பேர் குடுத்திருக்கார். பரிசு வாங்காம விடமாட்டார்" என்றாள் அம்மா.

"கிண்டல் பண்ணு, பண்ணு. நீ தூக்கிவிடற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணுமா நான்?"

"எழுபத்தி நாலு வயசுல எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறீங்க?"

 மூத்தவள் செருப்பு மாட்டும்போது, அப்பா சட்டத்தைத் தட்டித் தட்டிக்கொண்டு வாசல்வரை வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது.

"எத்தனை மணிக்கும்மா வருவே?"

"அஞ்சு ஆயிடும்ப்பா."

"வந்ததும் நேரா எங்கிட்ட வா. ஒரு விஷயம் பேசணும்."

"இப்பவே சொல்லுங்களேன்."

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "சாயந்திரம்" என்றார்.

"எனக்குத் தெரியாத விஷயம் என்னவோ?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அம்மாவுக்கு மூட்டுதான் தேய்ந்திருந்தது, காது அல்ல.

* * *

நூலகக் கட்டடத்தின் மேல்மாடியில் பத்து வட்ட மேசைகள். ஒவ்வொரு அட்டையிலும் பெயருக்குக் கீழே இரண்டு கோடுகள்: 'என்ன வேண்டும்', 'என்ன தர முடியும்'. முதல் கோட்டில் எல்லாரும் 'நிதி' என்று எழுதியிருந்தார்கள். இரண்டாவது கோட்டில் எல்லாரும் 'அனுபவம்' என்று எழுதியிருந்தார்கள். அனுபவத்துக்கு அந்த மண்டபத்தில் என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை.

காப்பி நேரம் வந்ததும் பந்திக்கு முந்துகிற கதைதான். நிதி தரும் அறக்கட்டளைக்காரர் ஒருவர் கோப்பையோடு ஜன்னல் பக்கம் நகர்ந்தால் எட்டுப் பேர் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். அவர் கழிப்பறைக்குப் போன இரண்டு நிமிஷம்தான் பாவம் நிம்மதியாக இருந்திருப்பார். மூத்தவள் இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறவள். சிரித்துக்கொண்டே, பார்வையற்றோர் பள்ளிக்காரரையும் ஒலிப்புத்தகம் செய்கிறவரையும் கையைப் பிடித்து எதிரெதிரே நிறுத்திவிட்டு வருவாள். யாருக்கு யார் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை.

அவள் பட்டப்பெயர் 'விதி அக்கா'. இந்தத் துறையில் பாதி விதிகளை எழுதியது அவள்தான். ஏழாம் மேசையும் அவள் கொண்டுவந்ததுதான். மற்ற மேசைகளில் எல்லாரும் தாங்கள் சாதித்ததைச் சொல்வார்கள். ஏழாம் மேசையில் தாங்கள் செய்த தவறைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லக் கூடாது, இடம் சொல்லக் கூடாது. கேட்கிறவர்கள் ஆறுதல் சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். மேசையில் சொன்னது மேசையோடு போக வேண்டும். அந்த மேசைக்குப் பொறுப்பாக எப்போதும் அவளே உட்காருவாள்.

அன்று முதலில் பேசியவர் மரம் நடுகிறவர். நானூறு கன்றுகளை வரிசையாக மின்கம்பிக்கு நேர் கீழே நட்டுவிட்டாராம். வளர்ந்ததும் மின்வாரியக்காரர்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போனார்களாம். "நடும்போது மேல பார்க்கலியா?" என்று ஒரு டீச்சரம்மா கேட்டார். "கேமராவைப் பார்த்தேன்" என்றார் அவர். மேசையே சிரித்தது.

அடுத்து, வீடற்றவர்களுக்கான காப்பகத்தின் மேலாளர். முப்பது வயதிருக்கும், சளி பிடித்தது போன்ற கரகரத்த குரல். கையில் காகிதம் எதுவும் வைத்துக்கொள்ளாமல் பேசினாள்.

"எங்க காப்பகத்துல ஒருத்தர் மூணு வருஷம் இருந்தார். நாப்பதை ஒட்டின வயசு. பகல்ல மார்க்கெட்ல மூட்டை இறக்குவார், ராத்திரி எங்ககிட்ட வந்து படுப்பார். ஒரு வம்பு தும்புக்குப் போகமாட்டார். மாசம் ஒரு தடவை எல்லாரையும் வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவோம். அவர் முன் சீட்டுல உட்காரவே மாட்டார். ஆனா எல்லாரும் ஏறினப்புறம் ஒவ்வொருத்தர் பெல்ட்டையும் இழுத்து இழுத்துப் பார்ப்பார். ரெண்டு ரெண்டு தடவை. பார்த்து முடிக்காம வண்டியை எடுக்க விடமாட்டார்."

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த மூத்தவளின் பேனா ஒரு நொடி நின்று, பிறகு நகர்ந்தது. உலகத்தில் விபத்தில் சிக்கியவன் ஒருவன்தானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"டீதான் வேடிக்கை. சர்க்கரை கிடையாது, பால் கிடையாது, வாய் கசக்கிற மாதிரி ஒரு டீ கேப்பார். எங்க சமையல்காரர், 'இது டீயா கஷாயமாய்யா'ன்னு கேட்டா, 'இதுக்குப் பேர் அக்கா டீ. குடிச்சா திட்டு வாங்கின மாதிரி இருக்கும். ஆனா நாள் பூரா தெம்பு'ம்பார். இப்ப எங்க காப்பகத்துல எல்லாருக்குமே அது அக்கா டீதான்."

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தவள் முன்னால் இருந்த கோப்பையிலும் அதே டீதான் இருந்தது. பரீட்சைக்குக் கண்விழிக்கும்போது அவள் போட்டுக்கொண்ட டீயை ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, பத்து வயசில் அவன் வைத்த பெயர் அது. அந்தப் பெயர் தெரிந்தவர்கள் அவள் வீட்டைத் தாண்டி உலகத்தில் யாரும் இல்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். இருக்கிறான்! மூன்று வருஷமாக, மூன்று பஸ் நிறுத்தம் தள்ளி, இங்கேயேதான் இருந்திருக்கிறான்! அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்திருக்கும். அதற்குள், இந்தப் பெண் எல்லாவற்றையும் 'இருந்தார், இருந்தார்' என்றே சொல்கிறாளே என்பது உறைத்தது.

மேசைப் பொறுப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை யாராவது கேட்டாக வேண்டும். அவளே கேட்டாள்.

"இதுல உங்க தவறு எங்க வருது?"

"சேர்ந்த அன்னைக்கு, சொந்தக்காரங்க இருக்காங்களான்னு கேட்டேன். 'இருக்காங்க. ஆனா அவங்களா கூப்பிடணும், நானா போகக் கூடாது'ன்னார். நம்ம படிவத்துல ரெண்டே கட்டம்தானே? தெரிவிக்கலாம், தெரிவிக்க வேண்டாம். நான் 'வேண்டாம்'ல டிக் போட்டேன். ஒரு தடவைதான் கேக்கணும், அவங்களா சொல்லாம திரும்பக் கேக்கக் கூடாதுங்கறது விதி. அதனால அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சையே எடுக்கல."

அவள் தண்ணீர் குடித்தாள்.

"ரெண்டு மாசம் முன்னாடி நெஞ்சுல சளி கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரில சேருங்கன்னா கேக்கமாட்டார். 'சனிக்கிழமை நான் இங்க இருக்கணும்'னு ஒரே பிடிவாதம். சனிக்கிழமை எனக்கு லீவு. அன்னைக்கு வாசல்ல உட்காரறது தன்னார்வலர்கள், வாரத்துக்கு ஒருத்தர். நான் டூட்டி நோட்டை ஒழுங்காப் புரட்டினதே எல்லாம் முடிஞ்சப்புறம்தான். அஞ்சு சனிக்கிழமை, அஞ்சு பேர் கையெழுத்துல, ஒரே வரி எழுதியிருந்தது. 'என்னைத் தேடி யாராவது வந்தார்களா என்று இன்றும் கேட்டார்.' அவருக்கு யாரோ வேணும்னு இருந்திருக்கு. யாருங்கன்னு ஒரு வார்த்தை நான் திரும்பக் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா சொல்லியிருப்பார்னுதான் தோணுது. விதியைச் சாக்காக் காட்டி சும்மா இருந்துட்டேன். ஆறாவது சனிக்கிழமை வர்றதுக்குள்ள அவர் இல்ல. நிமோனியா. நாலு வாரம் ஆச்சு."

 டீச்சரம்மா மெதுவாக, "அப்ப விதி தப்புங்கறீங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. அந்த விதி வர்றதுக்கு முன்னாடி, வீட்டுக்குச் சொல்றோம்னு சொல்லி அடிக்கிற புருஷன்கிட்டயே ஒரு பொண்ணைத் திருப்பி அனுப்பினதும் எங்க காப்பகம்தான். அவ அப்புறம் உயிரோட இல்ல. விதியைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

இறந்துபோன அந்தப் பெண்ணின் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஆறு வருஷம் முன்பு இதே மண்டபத்தில் நின்று பேசியவள் மூத்தவள். ஒரே தடவை கேளுங்கள், பதில் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், உறவுக்காரர்கள் எல்லாரும் உறவல்ல என்று அவள் பேசி முடித்தபோது மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. ஒரு மாதத்தில் எல்லாக் காப்பகங்களும் அந்த விதியை எடுத்துக்கொண்டன. இரண்டு கட்டம் போட்ட அந்தப் படிவத்தை அவள் தன் கையாலேயே கோடு போட்டு வரைந்தாள். 'அவங்களா கூப்பிடணும்' என்று ஒருவன் சொல்வான், அதற்கும் ஒரு கட்டம் வேண்டும் என்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை.

"விதி அக்கா, மணி!" என்று எட்டாம் மேசையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். நேரம் தாண்டி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது. ஒரு நிமிஷம்கூடத் தவறவிடாதவள் என்று பெயர் வாங்கியவள் மணியைத் தேடினாள். அது அவள் மடியிலேயே இருந்தது.

* * *

அடுத்த சுற்றுக்கு எல்லாரும் இடம் மாறும்போது, காப்பக மேலாளரை நாற்காலிகள் அடுக்கியிருந்த படிக்கட்டு ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"மேசையில பேசினதை மேசைக்கு வெளியில பேசக் கூடாதேக்கா. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" அவள் பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள்.

"நான் பேர் கேக்கல. அவருக்கு இடது காது... மேல் நுனி இருந்துச்சா?"

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. "இல்லக்கா. சின்ன வயசுல நாய் கடிச்சு எடுத்துடுச்சாம். அக்கா மேல பாய்ஞ்ச நாயைப் பிடிச்சு இழுக்கப் போய்..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

மூத்தவள்தான் முடித்தாள்.

"அந்த அக்கா நான்தான்."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "ஒரு தடவை மீறியிருக்கலாம்க்கா நான். இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

"நீ எப்படிம்மா மீறுவே? மீறக் கூடாதுன்னு சொல்லித்தானே நான் கைதட்டு வாங்கினேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை.  எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். மேற்குப் பக்கத்து இடுகாடு, கடைசி வரிசை என்றாள் அந்தப் பெண். காப்பகத்திலிருந்து பதினோரு பேர் வேலைக்குப் போகாமல் வந்தார்களாம். சமையல்காரர் அழுததுபோல் அங்கே யாரும் அழுததில்லையாம்.

"என்ன பேர் போட்டிருக்கீங்க?"

"அவர் சேரும்போது சொன்ன பேர்தான்க்கா" என்று அந்தப் பெயரைச் சொன்னாள்.

அது தம்பியின் பெயரில்லை. மூத்தவளின் கணவர் பெயர்.

எந்தப் பட்டியலில் தேடியிருந்தாலும் அவன் கிடைத்திருக்க மாட்டான். அவரைக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து, அவர் பெயரையாவது நடமாடவிட்டானா, அல்லது தன் பெயரே தனக்கு வேண்டாம் என்று ஆகிப்போனதா, இனி யாரைப் போய்க் கேட்பது? அவள் அப்போதுதான் அழுதாள். அடுக்கிய நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து, ஒன்பது வருஷத்து அழுகையையும் அழுதாள். 'வாடா' என்று ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. நாலு வாரம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா?

உள்ளே நிறைவுரை அவளுக்காகக் காத்திருந்தது. மணியை மரம் நடுகிறவர் கையில் கொடுத்துவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தே வழிவிட்டார்.

* * *

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு ஒரே யோசனைதான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? போன வாரம் மகன் பேச்சை எடுத்ததற்கே சுவர்ப் பக்கம் திரும்பியவர். எலும்பு இப்போதுதான் கூடிக்கொண்டிருக்கிறது. சொல்லாமல் விடலாமா என்றுகூட ஒரு நிறுத்தம் வரைக்கும் யோசித்தாள். அடுத்த நிறுத்தத்தில், இனி ஒரு விஷயத்தைக் கேட்காமலோ சொல்லாமலோ விடுவதில்லை என்று முடிவுசெய்தாள்.

லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினாள். அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். அப்பா கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து அவளுக்குப் பகீரென்றது.

"கதவைச் சாத்தும்மா. அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன்."

"அப்பா, நான் முதல்ல..."

"இரு. மூணு வருஷமா நெஞ்சுல வெச்சுக்கிட்டிருக்கேன், நான் சொல்லி முடிச்சுடறேன். தம்பியைத் தேடலாமான்னு கேட்டியே, தேட வேண்டாம். அவன் எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்."

மூத்தவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மூணு வருஷம் முன்னாடி நீ என்கிட்ட ஒரு போர்வை மூட்டையைக் குடுத்து ஒரு காப்பகத்துல சேர்த்துட்டு வரச் சொன்னே, ஞாபகம் இருக்கா? அங்க வரிசையில நின்னுக்கிட்டு இருந்தான். தாடியும் மீசையுமா. எனக்குக் காதைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. வீட்டுக்கு வாடான்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். 'அக்கா கூப்பிட்டா வர்றேன். அவளா கூப்பிடணும், நீங்க போய்ச் சொல்லிக் கூப்பிட வைக்கக் கூடாது'ன்னு சத்தியம் வாங்கிட்டான். யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டான். உங்கம்மாவுக்குக்கூட."

"சனிக்கிழமை நடைக்குப் போறேன்னு போவீங்களே..."

"அங்கதான். வாசலுக்கு எதிர்ல ஒரு பெஞ்சு. ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கிட்டிருப்போம். சமயத்துல பேசாமலும் இருப்போம். வாசல்ல இருந்தவங்க நீங்க யாருன்னு ஒரு தடவை கேட்டாங்க. தெரிஞ்சவர்னேன். அதுக்கு மேல யாரும் ஒண்ணும் கேக்கல. நல்ல இடம், குடைஞ்சு குடைஞ்சு கேக்காத இடம்னு நினைச்சேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் கவனிக்கவில்லை. பேச்சு அணை உடைந்த மாதிரி வந்துகொண்டிருந்தது.

"கால் போனதுலேர்ந்து போகல. யாரை அனுப்பறது? யார்கிட்ட சொன்னாலும் சத்தியம் போச்சு. ஆறே வாரத்துல நடந்துடுவீங்கன்னு டாக்டர் சொன்னார், நானே போயிடலாம்னு இருந்தேன். அந்தப் பாழாப்போன ஆறு வாரம் பத்து வாரமாச்சு. இதுக்கு நடுவுல போன வாரம் நீயா வாயைத் திறந்து கேட்டுட்டே. எனக்கு அழுகை வந்துடுச்சு, அதான் திரும்பிப் படுத்துக்கிட்டேன். 'உன் அக்கா கூப்பிட்டுட்டாடா, வா'ன்னு நானே போய்ச் சொல்லணும்னு ஆசைம்மா. நாளைக்குச் சனிக்கிழமை. மூணு மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்தாவது இறங்கிடுவேன். நீ ஒரு டாக்ஸி மட்டும் பிடி. நாம ரெண்டு பேரும் போவோம்."

மூத்தவள் அப்பாவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.  கையைப் பிடித்த பிடியிலிருந்தே அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும். முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"என்னம்மா?"

"அவன் இல்லப்பா."

"அங்க இல்லியா? வேற எங்க போயிட்டான்?"

"போயிட்டான்ப்பா. நாலு வாரம் ஆச்சு. நெஞ்சுல சளி கட்டி... இன்னைக்குக் கூட்டத்துலதான் எனக்குத் தெரிஞ்சுது. அந்தக் காப்பகத்துப் பொண்ணு யாரோ ஒருத்தர் கதைன்னு சொல்லிச்சு. நம்ம கதை அது."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளால் நிறுத்த முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தைச் சொன்னாள், அதில் இருந்த இரண்டு கட்டத்தைச் சொன்னாள். "சொந்தக்காரங்களைப் பத்தித் திரும்பக் கேக்கக் கூடாதுங்கற விதியை எழுதினதே நான்தான்ப்பா. அவனைப் போகச் சொன்னதும் நான், யாரும் தேடக் கூடாதுன்னு எழுதி வெச்சதும் நான்" என்று அவர் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

அப்பா அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நான் வராத சனிக்கிழமை... என்னைக் கேட்டானா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் இன்றிரவு கொஞ்சமாவது தூங்குவார். ஆனால் மகன் தன்னைத் தேடவே இல்லை என்ற நினைப்போடு மிச்ச காலத்தை ஓட்டுவார். ஆமாம் என்று சொன்னாலோ, அவன் வாசலைப் பார்த்துக்கொண்டு இருமியபடி உட்கார்ந்திருப்பது அவர் கண்ணை விட்டுப் போகாது. இரண்டு கட்டம்தான் இங்கேயும்.

"கேட்டான்ப்பா. அஞ்சு சனிக்கிழமையும் கேட்டிருக்கான்."

அவர் வாய் கோணியது. குழந்தை அழுவதற்கு முன்னால் கோணுமே, அப்படி. சத்தம் வரவில்லை. சலவைச் சட்டையின் முன்பக்கம் நனைந்தது. "வரேன்னு சொல்லிட்டு வராத அப்பனாயிட்டேனேம்மா" என்றார்.

கீழே படிக்கட்டில் சத்தம் கேட்டது. அம்மா வந்துகொண்டிருந்தாள். மாடிக்கு மாடி நின்று, லிஃப்டையும், அதைச் சரிசெய்யாதவனையும், அவனைப் பெற்றவளையும் திட்டிவிட்டு ஏறுவது அவள் வழக்கம். முதல் மாடியில் ஒரு பாட்டம் திட்டி முடித்து, இரண்டாவது மாடியில் யாரிடமோ, "எங்க வீட்டுக்காரர் நாளைக்கு ஓடவே போறார், பாருங்க!" என்று சிரித்துச் சொல்வது தெளிவாகக் கேட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு மகன் இறந்தது தெரியாது. அவன் மூன்று வருஷமாக இந்த ஊரிலேயே இருந்ததும் தெரியாது. கூடவே குடித்தனம் நடத்துகிறவர் வாரா வாரம் அவனைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, எதுவும் நடக்காத மாதிரி சாப்பிட்டுப் படுத்ததும் தெரியாது.

"நான் சொல்லிக்கறேன்ப்பா. நீங்க படுங்க."

"இல்ல. மூணு வருஷம் அவளுக்குத் தெரியாம அவ பிள்ளையைப் பார்த்தவன் நான். என்னைத்தான் கேப்பா. நான்தான் சொல்லணும்." அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழப் பார்த்தார், முடியவில்லை. "என்னைத் தூக்கி உட்கார வை. படுத்துக்கிட்டுச் சொல்ற சேதி இல்ல இது."

மூத்தவள் அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தாள். வாசல் பூட்டில் சாவி திரும்பியது.